ஓப்பன் வேர்ல்ட் உங்கள் கேமுக்குப் பொருந்துமா? முதல் கேம் செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அட்வெஞ்சர் அல்லது ஆர்பிஜி வகையில் முதல் கேம் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் மேப்பிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எத்தனை ஊர், எவ்வளவு பெரிய காடு, மலை மேல் ஏற முடியுமா என்று கண்கள் மின்னச் சொல்வார்கள். கதை என்னவென்று கேட்டால், அது அப்புறம் என்பார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

ஆட வருபவர் எந்தத் திசையில் போனாலும், எதை முதலில் செய்தாலும் கேம் தாங்கும் என்று நாம் கொடுக்கும் வாக்குதான் ஓப்பன் வேர்ல்ட். அந்த வாக்கால் உயிர்பெறும் கதைகள் உண்டு. அதனாலேயே செத்துப்போகும் கதைகளும் உண்டு. உங்கள் கதை எந்தப் பக்கம் என்பதை, திரையில் ஒரு மரம் வரைவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும்.

## படி 1: கதையைச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் பாருங்கள்

கதையின் முக்கியமான நிகழ்ச்சிகளை, சீட்டுக்கு ஒன்றாக, பத்துப் பன்னிரண்டு சீட்டுகளில் எழுதுங்கள். நன்றாகக் கலைத்து, கதை தெரியாத ஒரு நண்பரிடம் கொடுங்கள். கையில் வந்த வரிசையிலேயே அவர் கதையைச் சொல்லட்டும். அப்போதும் ஆர்வம் நிற்கிறதா, எல்லாம் சிதறிப்போகிறதா என்று கவனியுங்கள்.

டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'வை எடுத்துக்கொள்வோம். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தம்பதியும் அவர்கள் மகனும்தான் கதை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் வருடங்கள் உருள்கின்றன. மகன் வளர வளர வீட்டு மொழியிலிருந்தும் வீட்டுச் சாப்பாட்டிலிருந்தும் விலகிப்போகிறான். அந்த விலகல் நமக்கு ஏன் வலிக்கிறது? அதற்கு முன்பு அதே அடுப்படியில் அந்த அம்மாவாக நின்று நாமே சமைத்திருக்கிறோம். இந்தச் சீட்டுகளைக் கலைத்தால் ஒன்றும் மிஞ்சாது. வெண்பா மூடிய கேமாக, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிவதாக இருப்பதுதான் அதன் பலம். அதில் நம்மை டொராண்டோ நகரம் முழுவதையும் சுற்றிவர விட்டிருந்தால் அந்த அடுப்படி காணாமல் போயிருக்கும்.

மறுபக்கம், 2019இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்'. ஒரு குட்டிச் சூரியக் குடும்பம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், நீங்கள் மறுபடியும் தொடக்கத்தில் கண்விழிப்பீர்கள். லெவல் ஏறுவது கிடையாது, புது ஆயுதம் கிடையாது. முதல் பயணத்திலேயே எந்தக் கோளுக்கு வேண்டுமானாலும் கப்பலை ஓட்டிப் போகலாம். உங்களிடம் சேர்வது ஒன்றே ஒன்று: தெரிந்துகொண்ட விஷயம். கடைசிக் கதவைத் திறக்கும் வழி தெரிந்தவர், முதல் 22 நிமிடத்துக்குள்ளேயே முடிவைப் பார்த்துவிடலாம். தெரியாததால்தான் நாம் மணிக்கணக்கில் அலைகிறோம். அட்வெஞ்சர் கேமுக்கு ஓப்பன் வேர்ல்ட் ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். புதிருக்கான துப்புகளை எந்த வரிசையில் பொறுக்கினாலும் படம் முழுமையடையும் என்றால், உலகத்தைத் தாராளமாகத் திறந்துவிடலாம்.

சில சீட்டுகள் இடம் மாறாமல், மற்றவை மட்டும் கலைந்தால் நீங்கள் படி 6-ஐக் கட்டாயம் படிக்க வேண்டும். பெரும்பாலான ஆர்பிஜி கதைகள் அங்கேதான் வந்து நிற்கும்.

## படி 2: கதையில் அவசரம் எவ்வளவு என்று பாருங்கள்

ஆர்பிஜி எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. உலகம் அழியப்போகிறது, உடனே ஓடு என்று சொல்லிவிட்டு, வழியெங்கும் நூறு சில்லறை வேலைகளைப் பரப்பி வைத்தால், கதை சொல்வதைக் கேம் பொய்யாக்கிவிடும்.

2015இல் வந்த 'த விட்சர் 3' எழுத்துக்காகக் கொண்டாடப்படும் கேம். அதில் குடிகாரப் பிரபு பிளடி பேரனின் குடும்பக் கதையை ஆடியவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். அதன் மையக் கதையில், நாயகன் ஜெரால்ட்டுக்கு மகளைப் போல வளர்ந்த சிரியைக் கொடியவர்கள் துரத்துகிறார்கள். அவளைத் தேடிப் புறப்பட்ட ஜெரால்ட்டோ, வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போய் க்வெண்ட் சீட்டு ஆடிக்கொண்டிருக்கலாம். சிரிக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு கிளைக்கதையும் அத்தனை நன்றாக எழுதப்பட்டிருப்பதால்தான் நாம் இதைப் பொறுத்துக்கொள்கிறோம். நாலு பேர் கொண்ட குழுவால் அந்த எழுத்துப் பலத்தை நம்பி இறங்க முடியாது.

அதைவிட, அவசரத்தைக் கதையிலேயே கழற்றிவிடுவது நல்லது. 2017இன் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' இதை அழகாகச் செய்தது. பேரழிவு நடந்து நூறு வருடம் ஆகிவிட்டது. நாயகனுக்காக இத்தனை காலம் காத்திருந்த இளவரசி இன்னும் சில நாள் காத்திருப்பதில் உறுத்தல் இல்லை. அன்று நடந்தவை நாயகனின் மறந்துபோன நினைவுகளாக நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. எதை முதலில் கண்டெடுத்தாலும் சரி.

2002இன் 'மோரோவிண்ட்' இன்னும் நேரடியானது. பால்மோரா ஊரில் காயஸ் கொசாடிஸ் என்பவரிடம் போய்ச் சேரச் சொல்வார்கள். போனால் அவரே, நீ இன்னும் கற்றுக்குட்டி, ஏதாவது சங்கத்தில் சேர்ந்து வேலை பழகிக்கொண்டு வா என்கிற மாதிரி அனுப்பிவைப்பார். ஊர் சுற்றுவதையே மையக் கதை கட்டளையாகத் தந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான தீர்வு இல்லை. நாலு வரி வசனத்தில் வேலை முடிந்தது.

உங்கள் கதையில் இப்படி ஒரு மாற்றம் செய்தால் உயிர் போய்விடும் என்று தோன்றினால், ஓப்பன் வேர்ல்டை விட்டுவிடுங்கள். கதையை விடாதீர்கள்.

## படி 3: மேப்பைக் கிலோமீட்டரில் அளக்காமல் நொடியில் அளவெடுங்கள்

1996இன் 'டாகர்ஃபால்' மேப் கிட்டத்தட்ட பிரிட்டன் அளவு என்று விளம்பரம் செய்தார்கள். ஆயிரக்கணக்கான ஊர்களைக் கணினியே உருவாக்கியது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடந்தே போவது பொறுமையைச் சோதிக்கும் வேலை என்பதால், எல்லோரும் மேப்பைத் திறந்து நேரே ஊருக்குத் தாவினார்கள். நடுவில் இருந்த நிலத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

இதற்கு நேர் எதிராக, 2005இல் தொடங்கிய 'யாக்குசா' வரிசையைப் பாருங்கள். டோக்கியோவின் கபுகிச்சோவை மாதிரியாக வைத்து உருவான கமுரோச்சோ என்ற சில தெருக்கள். அடுத்தடுத்த கேம்களில் அதே தெருக்கள் திரும்பத் திரும்ப வந்தன. ரசிகர்களுக்கு எந்த முனையில் எந்தக் கடை என்பது மனப்பாடம். 2019இன் 'டிஸ்கோ எலிசியம்' ஒரே ஒரு பேட்டைக்குள் முழு ஆர்பிஜியையும் நடத்திக் காட்டியது. ஆக, அளவைப் பற்றிக் கவலைப்படாமல், ஒரு சுவாரசியமான இடத்திலிருந்து அடுத்ததற்குப் போக எத்தனை நொடி ஆகிறது என்று கணக்குப் போடுங்கள்.

அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதற்கு மறுபடி 'பிரெத் ஆஃப் த வைல்ட்'தான் பாடம். நிலத்தை முக்கோணங்களாக அமைத்ததாக அதன் தயாரிப்பாளர்கள் பொதுமேடையில் விளக்கியிருக்கிறார்கள். எதிரே ஒரு குன்று இருந்தால் ஏறுவதா, சுற்றிப் போவதா என்று ஆடுபவர் முடிவு செய்கிறார். குன்று பின்னால் இருப்பதைப் பாதி மறைக்கிறது. நடக்க நடக்க ஒரு கோபுரத்தின் நுனி தெரிகிறது, அதை நோக்கிப் போகும்போது ஒரு குதிரை லாயம் கண்ணில் படுகிறது. யாரும் அம்புக்குறி போடவில்லை. ஆனாலும் கால்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. தூரங்களைச் சரிபார்க்க, இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி தனக்குப் பழக்கமான கியோட்டோவின் வரைபடத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார். நீங்களும் உங்கள் தெருவில் இதைச் செய்யலாம். வீட்டிலிருந்து டீக்கடைக்கு எத்தனை நிமிடம், வழியில் கண்ணை இழுப்பவை எத்தனை என்று ஒரு மாலை நடந்து குறித்துக்கொண்டு வாருங்கள்.

முதல் கேமுக்கு எந்த அளவு சரி என்று கேட்டால், 2019இன் 'எ ஷார்ட் ஹைக்'கை ஆடிப் பாருங்கள் என்பேன். ஆடம் ராபின்சன்-யூ என்பவர் பெரும்பாலும் தனியாகவே செய்த கேம் அது. ஒரு மலை, ஒரு குட்டிப் பறவை, உச்சிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பக்கமும் போகலாம், நீந்தலாம், மீன் பிடிக்கலாம், தங்க இறகு சேர்த்தால் இன்னும் உயரம் ஏறலாம். ஒரு மாலையில் முடிந்துவிடும். ஓப்பன் வேர்ல்டுக்கு வேண்டிய எல்லாமே அந்த ஒற்றை மலையில் இருக்கிறது. 'ஸ்கைரிம்' என்ற பெரிய ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜியைச் செய்யச் சுமார் 100 பேர் உழைத்தார்கள் என்பதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசியுங்கள்.

## படி 4: எதிரிகளின் பலத்தை இடத்தோடு கட்டுங்கள்

ஆர்பிஜியின் இன்பமே வளர்ச்சிதான். நேற்று நம்மை அடித்து விரட்டியவனை இன்று ஜெயிக்க வேண்டும். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவிட்டால், பலவீனமான ஆள் பலசாலியின் குகைக்குள் நுழைந்துவிடுவாரே என்ற பயம் எல்லோருக்கும் வரும். 2006இன் 'ஆப்லிவியன்' அதற்கு ஒரு வழி பிடித்தது: நீங்கள் வளர வளர எதிரிகளும் கூடவே வளர்வார்கள். விளைவு, கேமின் பிற்பகுதியில் வழிப்பறிக் கொள்ளைக்காரன் விலைமதிப்பில்லாத கவசம் மாட்டிக்கொண்டு சில்லறைக் காசு கேட்டு மிரட்டினான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் ஆயுளுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். வளர்ந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போனது.

2010இன் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' உலகத்தையே ஆசிரியராக்கியது. குட்ஸ்ப்ரிங்ஸ் என்ற சிற்றூரில் கண்விழிக்கிறீர்கள். போக வேண்டிய வேகஸ் நகரம் வடக்கே, கிட்டத்தில்தான். ஆனால் அந்தச் சாலையில் கல்குவாரிக்குப் பக்கத்தில் டெத்கிளா என்ற ராட்சத மிருகங்கள். அங்கே இருக்கும் தொழிலாளிகளே திரும்பிப் போகச் சொல்வார்கள். மீறிப் போனால் சில நொடிகளில் கதை முடியும். அதனால் பெரும்பாலோர் தெற்கே ப்ரிம், நிப்டன், நோவாக் என்று சுற்றிக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சுற்று வழியில்தான் கதையின் ஆட்களும் அணிகளும் அறிமுகமாகிறார்கள். வரிசையாகச் சொல்ல வேண்டியதை வரிசையாகவே சொல்லிவிட்டது கேம், ஒரு சுவரும் எழுப்பாமல். பதுங்கிப் பதுங்கி வடக்கு வழியாகவே போய்ச் சேரும் துணிச்சல்காரருக்கும் அது இடம் விட்டது. ஆர்பிஜிக்கு ஓப்பன் வேர்ல்ட் பொருந்துமா என்ற கேள்விக்கு என்னைப் பொறுத்தவரை மிகச் சிறந்த பதில் இந்தச் சாலைதான்.

2022இன் 'எல்டன் ரிங்' இன்னும் கறாரானது. முதல் வெளிக்கு வந்ததுமே பொன்னிறக் கவசத்தில் ஒரு குதிரைவீரன் உலாவுவான். அவனிடம் செத்துப் பார்த்ததும் புரிந்துவிடும்: இப்போது விலகிப் போ, பலம் சேர்த்துக்கொண்டு வா.

உங்கள் மேப்பில் இப்படி ஒரு மிரட்டும் இடத்தையாவது தொடக்கத்துக்கு அருகிலேயே வையுங்கள். எச்சரிக்கை தெளிவாக இருக்கட்டும்.

## படி 5: வழியை உலகம் சொல்லட்டும்

மேப் முழுக்கக் கேள்விக்குறிகளைத் தெளித்தால், ஆடுபவர் உலகத்தைப் பார்க்க மாட்டார், குறிகளை அழிக்கும் வேலையில் இறங்கிவிடுவார். 'மோரோவிண்ட்'டில் பாலத்தைத் தாண்டி, இடப்பக்கம் திரும்பி என்று ஆட்கள் வாயால்தான் வழி சொன்னார்கள். 2020இன் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் காற்று வீசும் திசையே வழிகாட்டி. சிறு குழுவுக்குச் செலவில்லாத வழி முதலாவதுதான். வசனம் எழுதினால் போதும், சொன்ன இடத்தில் சொன்ன பாலம் இருந்தாக வேண்டும்.

## படி 6: பாதி திறந்த அமைப்பையும் யோசியுங்கள்

திறப்பது அல்லது மூடுவது என்று இரண்டே வழி என எண்ண வேண்டாம். 2023இன் 'பால்டர்ஸ் கேட் 3' மூன்று அங்கங்களாகப் பிரிந்தது. அங்கத்துக்குள் போகும் திசை உங்கள் விருப்பம், அடுத்த அங்கத்துக்குத் தாண்டினால் கதை ஒரு படி நகர்ந்துவிடும். படி 1-இல் இடம் மாற மறுத்த சீட்டுகள் அங்கங்களின் எல்லையில் உட்காரட்டும். கலைந்த சீட்டுகளை உள்ளே தூவுங்கள்.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. 2014இன் 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' இப்படித்தான் பகுதி பகுதியாகத் திறந்தது. ஆனால் ஹிண்டர்லேண்ட்ஸ் என்ற முதல் பகுதியிலேயே அத்தனை வேலைகள். எதையும் விடாமல் முடிக்கப் பார்த்தவர்கள் அங்கேயே களைத்துப்போனார்கள். அங்கிருந்து சீக்கிரம் கிளம்பு என்பது ரசிகர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் வழக்கமான அறிவுரையாகவே ஆகிவிட்டது. முதல் பகுதியைச் சிறியதாக வையுங்கள்.

## படி 7: காகிதத்தில் ஆடி, பிறகு சிறிதாகக் கட்டுங்கள்

ஒரு பெரிய சார்ட் பேப்பரில் ஓர் ஊர், அதிலிருந்து மூன்று வழிகள் வரையுங்கள். வழிக்கு மூன்று நிகழ்ச்சிகள் போதும். ஒரு நண்பரை உட்காரவைத்து, எங்கே போகிறாய், என்ன செய்கிறாய் என்று கேட்டுக்கேட்டு ஆடுங்கள். 'பிரெத் ஆஃப் த வைல்ட்' குழுவே தன் வரிசையின் முதல் கேமான 1986இன் 'செல்டா' போன்ற தட்டையான இரு பரிமாண மாதிரி ஒன்றைச் செய்து, மரத்துக்குத் தீ வைத்தால் என்ன ஆகும் என்பது போன்ற யோசனைகளைச் சோதித்தது. அதன் பிறகுதான் அந்தப் பிரம்மாண்ட நிலம் வந்தது.

காகிதத்தில் சுவை இருந்தால், கோடோ போன்ற இலவச எஞ்சினில் அதே மூன்று வழிகளை வெறும் சதுரப் பெட்டிகளால் கட்டுங்கள். முன்பின் பார்க்காத சிலரை ஆட விட்டு, பின்னால் நின்று வாயைத் திறக்காமல் கவனியுங்கள். ஒவ்வொருவரும் முதலில் எந்த வழியில் போகிறார், எங்கே நின்று சுற்றும்முற்றும் பார்க்கிறார், எத்தனை முறை மேப்பைத் திறக்கிறார், எந்த இடத்தில் ஓட்டமாக ஓடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓடும் இடத்தில் நிலம் வெறுமையாக இருக்கிறது, சுருக்குங்கள். மேப்பை அடிக்கடி திறந்தால் கண்ணில் படும்படி ஓர் உயரமான அடையாளம் வேண்டும்.

முடிந்ததும் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு வரிசையில், ஆளுக்கு ஒரு கதையை உற்சாகமாகச் சொன்னால் மேப்பை விரிக்கத் தொடங்கலாம். எல்லோரும் ஒரே வழியின் நிகழ்ச்சிகளை மட்டும் நினைவில் வைத்திருந்தால், மற்ற இரண்டு வழிகளையும் எடுத்துவிட்டு, மிச்சமாகும் மாதங்களை அந்த ஒரு வழியின் வசனத்துக்கும் ஆட்களுக்கும் கொடுங்கள்.