பணப்பைக்கு ஒரு காவலன்: மின்னணுத் தேடல் அட்டை வாங்கத் தகுமா?

பணப்பை தொலைந்தால் பணத்தோடு வேறு பலவும் தொலைகின்றன. வங்கி அட்டை, ஓட்டுநர் உரிமம், ஆதார் அட்டை, பல்கலைக்கழக அடையாள அட்டை, ஊருக்குப் போக எடுத்து வைத்த நூறு ரூபாய்த் தாள்கள் என அத்தனையும் ஒரே நொடியில் கைவிட்டுப் போகின்றன. சொந்த ஊரில் இருப்பவனுக்கு அன்று மாலையே அண்ணனோ மாமாவோ கைகொடுப்பர். மொழி வேறான மாநிலத்தில் விடுதி அறையில் வாழும் நமக்கு அந்த வசதி இல்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கவே மொழி தெரிந்த நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, பணப்பைக்குள் செருகி வைக்கும் மெல்லிய மின்னணு அட்டை அதைத் தேடிக் கொடுக்கும் என்று விளம்பரம் கூறும்போது நம் செவி அப்பக்கம் திரும்புவது இயல்பே.

"விஞ்ஞானம் படிக்கிறீரே, வாங்கலாமா, வேண்டாமா? ஒரே சொல்லில் கூறும்" என்று மன்றத்து நண்பர்கள் கேட்கின்றனர். ஒரே சொல்லில் விடை கூறினால் அது சிலருக்குப் பொருந்தும், பலருக்குப் பொருந்தாது. எனவே அட்டை எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் காண்போம். அதன் பிறகு நமக்கு நாமே விடை கண்டுகொள்ளலாம்.

அட்டை என்ன செய்கிறது?

இந்த அட்டை வானத்துச் செயற்கைக் கோள்களைப் பார்த்துத் தன் இருப்பிடத்தை அறிகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு இல்லை என்பதைச் சிறு கணக்கு ஒன்றே காட்டிவிடும். கடிகாரங்களிலும் பிற சிறு கருவிகளிலும் பயன்படும் சி.ஆர். 2032 என்னும் காசு வடிவ மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 225 மில்லி ஆம்பியர் மணி. ஜி.பி.எஸ். ஏற்பி தொடர்ந்து இயங்க 25 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும் என்று கொண்டால், அந்த மின்கலம் 9 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதே மின்கலம் ஓராண்டு, அதாவது 8,760 மணி நேரம், உழைக்க வேண்டுமானால் சராசரி மின்னோட்டம் 25 மைக்ரோ ஆம்பியரைச் சுற்றியே இருக்க வேண்டும். முன்னதில் இஃது ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்தனை சிறிய மின்னோட்டத்தில் இடைவிடாது கோள்களைத் தேடிக்கொண்டிருக்க இயலாது.

அட்டை செய்யும் வேலை மிக எளியது. சில நொடிக்கு ஒரு முறை, "நான் இங்கே இருக்கிறேன்" என்று புளூடூத் முறையில் ஒரு சிறு குரல் கொடுக்கிறது, மீண்டும் உறங்கிவிடுகிறது. அந்தக் குரலின் ஆற்றல் ஏறத்தாழ ஒரு மில்லிவாட்டே. அருகில் நம் கைப்பேசி இருந்தால் அது கேட்டுக்கொள்ளும். இல்லையேல், அவ்வழியே செல்லும் முன்பின் அறியாத ஒருவரின் கைப்பேசி கேட்கும்; கேட்டவுடன் தான் இருக்கும் இடத்தைக் குறித்து, பூட்டிட்ட மடலாக நிறுவனத்தின் கணிப்பொறிக்கு அனுப்பும். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி அட்டையின் உரிமையாளரிடம் மட்டுமே உண்டு. அனுப்பியவருக்கு அட்டை யாருடையது என்று தெரியாது. அட்டையும் தன் அடையாளக் குறியை அவ்வப்போது மாற்றிக்கொள்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அட்டை ஒரு மணி. கேட்கும் காதுகள் ஊராரின் கைப்பேசிகள். காது இல்லாத இடத்தில் மணி அடித்துப் பயன் இல்லை. கூட்டம் மிகுந்த ரெயில் நிலையத்தில் சிறப்பாக உழைக்கும் அதே அட்டை, ஆள் நடமாட்டமற்ற வயல்வெளியில் ஊமையாகிவிடும்.

எந்தக் காதுகள் கேட்கும் என்பதையும் வாங்குமுன் பார்க்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் தன் தேடல் வலையைப் பிற நிறுவனங்களின் கருவிகளுக்கும் திறந்துவிட்டது. கூகிள் நிறுவனம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான வலையை 2024 ஏப்ரலில் தொடங்கியது. ஐபோனுக்கென்று செய்த அட்டை ஆண்ட்ராய்டு கைப்பேசியோடு சேராது; மறுபக்கமும் அவ்வாறே. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள இடம் தரும் அட்டைகளும் உண்டு. ஆயினும் ஒரே வேளையில் இரண்டு வலையிலும் அவை சேரா. ஆண்ட்ராய்டு வலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தனியுரிமை கருதி, பல கைப்பேசிகள் ஒன்றாகக் கேட்கும் நெருக்கமான இடங்களிலேயே அது இயல்பான அமைப்பில் இடத்தைக் காட்டும். பிற இடங்களிலும் உதவ வேண்டுமானால், அந்தந்தக் கைப்பேசிக்காரர் தம் அமைப்பை மாற்றியிருக்க வேண்டும்.

மெலிவுக்குக் கொடுக்கும் விலை

நம் வங்கி அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர்; நீளம் 85.6, அகலம் ஏறத்தாழ 54 மில்லிமீட்டர். இஃது உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு. ஆப்பிளின் ஏர்டேக் வில்லை 8 மில்லிமீட்டர் கனம் உடையது. பத்து வங்கி அட்டைகளை அடுக்கியதற்குச் சமம். பணப்பையில் வைத்தால் உட்காரும்போது உறுத்தும். டைல், சிப்போலோ போன்ற நிறுவனங்களின் மெல்லிய அட்டைகளோ ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர்தான். மூன்று அட்டைகளுக்குச் சற்று மேல். பணப்பையில் அடங்கிவிடும்.

ஆனால் மெலிவு இலவசமாக வருவதில்லை. சி.ஆர். 2032 மின்கலத்தின் கனமே 3.2 மில்லிமீட்டர், அது மெல்லிய அட்டைக்குள் நுழையாது. ஆகவே மெல்லிய மின்கலத்தை உள்ளேயே வைத்து மூடிவிடுகின்றனர். இரண்டு அல்லது மூன்று ஆண்டில் அது தீர்ந்ததும் அட்டையும் குப்பைக்குப் போகிறது. கம்பியின்றி மின்னேற்றம் செய்யத்தக்க அட்டைகளும் இப்போது வந்துள்ளன. சில மாதங்களுக்கு ஒரு முறை மின்னேற்ற மறந்தால் அவையும் வெறும் பிளாஸ்டிக்கே. இரண்டாவதாக, ஏர்டேக்கில் உள்ளதுபோல் "இந்தப் பக்கம் மூன்றடி" என்று அம்புக்குறி காட்டும் வசதி பெரும்பாலான மெல்லிய அட்டைகளில் இல்லை. ஒலி எழுப்பி அழைப்பதோடு அவற்றின் உதவி நின்றுவிடும்.

பணப்பையின் இயல்பும் இதில் சேர்கிறது. புளூடூத் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். நீர் நிறைந்த நம் உடல் அதை விழுங்கும். உலோகம் அதைத் தடுக்கும். வங்கி அட்டைக்குக் காவல் என்று விற்கப்படும் உலோகத் தகடு பதித்த பணப்பைக்குள் தேடல் அட்டையை வைப்பது, மணியைப் போர்வைக்குள் கட்டி அடிப்பதற்கு ஒப்பாகும்.

மூன்று வகை இழப்பு

இழப்பை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் அட்டையின் தகுதி விளங்கும்.

முதலாவது, இடம் மாறி வைத்தல். பணப்பை அறையிலேயே இருக்கிறது. துணிக்குவியலிலோ தலையணை அடியிலோ கிடக்கிறது. இங்கே அட்டை முழு வெற்றி பெறுகிறது. கைப்பேசியில் தொட்டவுடன் ஒலிக்கும்.

இரண்டாவது, மறந்து விட்டுவருதல். உணவுக் கூடம், நூலகம், ஆட்டோ, தேநீர்க் கடை ஆகியவை இவ்வகை. இங்கே பாதி வெற்றி. கடைசியாக எங்கே குரல் கேட்டது என்பதை வரைபடம் காட்டும். சில அட்டைகளில், விட்டுப் பிரிந்து சிறிது தொலைவு சென்றதும் கைப்பேசியே எச்சரிக்கும் ஏற்பாடு உண்டு. என் கருத்தில் அட்டையின் மிகச் சிறந்த பயன் இதுவே. தொலைந்த பின் தேடுவதைவிடத் தொலையுமுன் திரும்புவது மேல்.

மூன்றாவது, களவு. இங்கே அட்டையை நம்பியிருத்தல் கூடாது. ஊருக்குச் செல்லும் நீண்ட ரெயில் பயணத்தில் பணப்பையை எடுத்தவன் பணத்தை உருவிக்கொண்டு பையை எறிந்துவிடுவான். எறிந்த இடத்தை வரைபடம் காட்டலாம். சில வேளை உரிமமும் அடையாள அட்டையும் மீளலாம். பணம் மீளாது. இன்னொரு செய்தியும் உண்டு. அறியாத அட்டை ஒன்று தம்மோடு தொடர்ந்து வந்தால் கைப்பேசி எச்சரிக்கும்படி ஆப்பிளும் கூகிளும் 2024 மே மாதத்தில் பொது ஏற்பாடு செய்துள்ளன. அந்த எச்சரிக்கை திருடனுக்கும் கிடைக்கும். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு அறியாத தெருவில் தனியே திருடனைத் தேடிச் செல்வது வீரம் ஆகாது. காவல் துறையினரிடம் வரைபடத்தைக் காட்டுவதே முறை.

வரவும் செலவும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அளந்து பார்ப்போம். கீழ்வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. உங்கள் எண்களை நீங்களே இட்டுக்கொள்ளுங்கள்.

அட்டையின் விலை 3,000 ரூபாய், ஆயுள் 3 ஆண்டு என்றால் ஆண்டுச் செலவு 1,000 ரூபாய். பணப்பை தொலைந்தால் பணம், மறுபதிவுக் கட்டணம், அலைச்சல் எல்லாம் சேர்த்து இழப்பு 4,000 ரூபாய் என்போம். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தொலைப்பவர் ஒருவருக்கு ஆண்டுச் சராசரி இழப்பு 800 ரூபாய். அட்டை பாதித் தடவை மீட்டுத் தரும் என்று கொண்டால் கிடைக்கும் பயன் 400 ரூபாய். ஆயிரம் கொடுத்து நானூறு பெறுவது வாணிபம் ஆகாது.

ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை தொலைப்பவருக்குப் பயன் 2,000 ரூபாய். அவர் தாராளமாக வாங்கலாம். வாரந்தோறும் பத்து நிமிடம் பணப்பையைத் தேடுபவர் ஆண்டில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இழக்கிறார். தேர்வுக் காலத்தில் அந்த நேரத்தின் மதிப்பை அவரே அறிவார்.

அட்டை காக்க முடியாதவை

பணப்பையில் உள்ள பெரும் ஆபத்து பணம் அன்று, வங்கி அட்டை. 2021 சனவரி முதல், இரகசிய எண் இன்றித் தொட்டுச் செலுத்தும் வரம்பு 5,000 ரூபாயாக உயர்ந்தது. பணப்பை எங்கே இருக்கிறது என்று நாம் வரைபடம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவன் கடையில் அட்டையைத் தொட்டுவிடலாம். ஆகவே தொலைந்தது என்று ஐயம் எழுந்தவுடன் முதல் வேலை வங்கிச் செயலியில் அட்டையை முடக்குவது. தேடுவது இரண்டாவது வேலை. தொட்டுச் செலுத்தும் வசதி வேண்டாதவர் அதை அணைத்தே வைக்கலாம். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

மேலும், 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் உள்ள ஓட்டுநர் உரிமம் மூல உரிமத்துக்கு ஒப்பானது என்று 2018-இல் மத்திய அரசு அறிவுறுத்தியது. எனவே மூல ஆவணங்களை அறையில் பூட்டி வைத்து, பணப்பையில் ஒரே ஒரு வங்கி அட்டையும் சிறு தொகையும் மட்டும் வைத்தால், தொலைவது எதுவாயினும் அதன் வலி குறையும். இழப்பு 4,000-இலிருந்து 1,000 ஆகக் குறைந்தால், மேற்சொன்ன கணக்கில் ஆண்டுக்கு ஒரு முறை தொலைப்பவருக்குக் கூட அட்டை கட்டுபடியாகாது.

ஓர் எச்சரிக்கை

இறுதியாக ஒன்று. தேடும் கருவி, பின்தொடரும் கருவியாகவும் மாறக்கூடும். தங்கையின் பாதுகாப்புக்காக என்று சொல்லி அவள் பையில் அவள் அறியாமல் அட்டையைச் செருகும் அண்ணனும், அன்பு என்ற பெயரில் அதையே செய்யும் நண்பனும் செய்வது ஒன்றே: ஒருவரின் நடமாட்டத்தை அவர் அனுமதியின்றிக் களவாடுவது. பொருளுக்கு வைக்கும் அட்டையை ஆளுக்கு வைக்காதீர்கள். உங்கள் கைப்பேசியில் அத்தகைய எச்சரிக்கை வந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். ஒலி எழுப்பச் செய்து, பையை உதறிப் பாருங்கள். தோழியரோடும் விடுதிக் காப்பாளரோடும் பேசுங்கள்.

நண்பர்களே, தொகுத்துக் கூறுகிறேன். அடிக்கடி மறப்பவர் வாங்குக. தம் கைப்பேசிக்கு ஏற்ற வலையைச் சார்ந்ததாக, ஒலி உரக்க எழுப்புவதாக, பிரிந்தவுடன் எச்சரிப்பதாகப் பார்த்து வாங்குக. களவுக்கு அஞ்சி வாங்க நினைப்பவர் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பூட்டும், சட்டையின் உட்பக்கத்தில் ஒரு பையும் தைத்துக்கொள்க. மற்றவர் இன்றிரவே பணப்பையைத் திறந்து, தேவையற்றவற்றை எடுத்து வைத்து, வங்கியின் அவசர எண்ணைக் கைப்பேசியிலும் அறைத்தோழரின் குறிப்பேட்டிலும் எழுதி வைக்குக. அட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்தக் கால்மணி நேர வேலை அனைவருக்கும் உரியது.