மலையூர்க் கணிப்பொறிக்கு எந்த யூ.பி.எஸ்.?

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மிற் பலர் கட்டுரையையும் ப்ராஜெக்டையும் உடன் கொண்டு செல்கிறோம். அங்கே கணிப்பொறி இருக்கும். மின்சாரம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

என் ஊர் சக்குபள்ளம். இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு வடக்கே, ஏலத்தோட்டங்களின் நடுவே உள்ளது. அப்பா தோட்டத் தொழிலாளி. ஓர் ஆண்டுக் காயெடுப்பில் மிச்சம்பிடித்த பணத்தில் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றும், அதனுடன் ஒரு யூ.பி.எஸ்.ஸும் மலைக்குக் கீழே ஒரு கடையில் வாங்கினோம். “தம்பி, இதைப் போட்டுட்டீங்கன்னா பத்து வருசத்துக்குக் கவலையே இல்லை” என்றார் கடைக்காரர். ஒரே ஆண்டு சென்றது. ப்ராஜெக்ட் ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் இரவு, விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது, அவ்வளவே! யூ.பி.எஸ். ஒரு கூவலோடு அணைந்தது. பதினான்கு பக்கம் போயிற்று. கருவியின்மீது சினந்து பயனில்லை என்பது பிறகுதான் விளங்கிற்று. எங்கள் ஊர் மின்சாரத்துக்கு அது பொருந்தாத கருவி.

அஃது என்ன, ஊருக்கு ஊர் மின்சாரம் வேறுபடுமோ எனலாம். வேறுபடும். இடுக்கி அணையின் நீரால் மூலமற்றத்தில் 1976 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். 130 மெகாவாட் பொறிகள் ஆறு, ஆக 780 மெகாவாட். ஆறு ஓடும் ஊரில் நா வறள்வதேன்? அம்மின்சாரம் உயர்ந்த அழுத்தத்தில் வெளியூர்களுக்குப் போய்விடுகிறது. நமக்கு வருவதோ 11,000 வோல்ட் கம்பியில் காடும் மேடும் கடந்து, டிரான்ஸ்பார்மரில் 230 வோல்டாக இறங்கி, அங்கிருந்து மீண்டும் நெடுந்தூரம் ஓடி வருவது. கம்பி நீள நீள அழுத்தம் குறையும். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரிந்து, தோட்டத்து மோட்டாரும் ஓடினால், கடைசி வீட்டில் 180 வோல்ட் கூட எட்டாது. போதாக்குறைக்கு மரக்கிளை உரசினால் நொடிக்கொரு வெட்டு.

யூ.பி.எஸ். மூவகை. ‘ஆஃப்லைன்’ என்பது மின்சாரத்தை அப்படியே கணிப்பொறிக்கு விட்டுவிட்டு, அழுத்தம் குறைந்தால் பேட்டரிக்குத் தாவும். எங்கள் வீட்டில் இருந்தது இதுவே. மாலைதோறும் தாவித் தாவி, மறுபடி நிறையவும் நேரமின்றி, பேட்டரி ஓராண்டில் செத்தது. ‘லைன் இன்டராக்டிவ்’ என்னும் வகையில் அழுத்தத்தை ஏற்றி இறக்கும் சுருள் ஒன்று உள்ளே உண்டு. 150 வோல்ட் வந்தாலும் பேட்டரியைத் தொடாமலே அதனை உயர்த்திக் கொடுக்கும். மலையூர்க்காரர் கேட்டு வாங்க வேண்டியது இதனையே. அட்டைப்பெட்டியில் ‘140 முதல் 300 வோல்ட் வரை’ என்பதுபோல் ஒரு குறிப்பு இருக்கும். மற்ற விளம்பரத்தையெல்லாம் விட்டு அதனைப் படியுங்கள். மூன்றாவதான ‘ஆன்லைன்’ மருத்துவமனைக்கும் வங்கிக்கும் ஏற்றது; விலையும் அதிகம், விசிறியின் இரைச்சலும் அதிகம்.

அடுத்து எண். 600 வி.ஏ. என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். வி.ஏ. வேறு, வாட் வேறு. பச்சை ஏலக்காயின் எடையைச் சொல்லி உலர்ந்த காய்க்கு விலை பேசுவது போன்றது இது! சிறு கருவிகளிற் பலவற்றில் 600 வி.ஏ. என்பது 360 வாட்தான். திரையும் பெட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 120 வாட் கொள்ளும் எளிய கணிப்பொறிக்கு அது தாராளம். லேசர் அச்சுப்பொறியை மட்டும் அதில் செருகாதீர்கள். சூடேறும் வேளையில் அது பல நூறு வாட் இழுக்கும்.

எத்தனை நிமிடம் தாங்கும்? அதனை வாட் சொல்லாது, பேட்டரி சொல்லும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 84 வாட்-மணி. 120 வாட்டுக்குக் கணக்குப்படி 42 நிமிடம். ஆனால் ஈயப் பேட்டரியை விரைந்து வடித்தால் முழுவதும் கிடைப்பதில்லை, மாற்றத்திலும் இழப்புண்டு. பாதி கிடைத்தால் மகிழுங்கள். எழுதியதைச் சேமித்து முறையாக அணைக்க ஐந்து நிமிடம் போதும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது போல் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாவிடில், எந்த யூ.பி.எஸ்.ஸும் உதவாது, மணிக்கணக்கில் வேலை நடக்க வேண்டுமெனின் பெரிய பேட்டரியுடன் கூடிய இன்வெர்ட்டரே வழி. மடிக்கணினி உடையோர்க்கு இக்கவலையே இல்லை. இணையப் பெட்டிக்கு மட்டும் 12 வோல்ட் சிறு யூ.பி.எஸ். போதும்.

இடிக்கு யூ.பி.எஸ். காவல் என்று எண்ணுவோர் உளர். அது பெரும் பிழை. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் கருக்கும் வானத்தை எங்கள் ஊரார் அறிவர். கம்பியில் வரும் மின்னல் சுவிட்சின் சிறு இடைவெளியையும் தாண்டும். மழை நெருங்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். இணையப் பெட்டியின் பிளக்கையும், கேபிளையும் பிடுங்குங்கள். இடி தலைக்குமேல் வந்தபின் தொட வேண்டாம். பாறை நிலத்தில் எர்த் சரியாக அமைவது அரிது. எலக்ட்ரீசியனை அழைத்து ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். நாம் விடுதியில் இருக்கும் மாதங்களில் பிளக்கைப் பிடுங்கியே வைத்தால் ஈயப் பேட்டரி தானே வடிந்து கெடும். செருகியே வைத்தால் இடி அச்சம். எங்கள் வீட்டில் இதற்கு அப்பாதான் வழி கண்டார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானம் தெளிந்திருந்தால், காலையிலிருந்து உச்சிப்பொழுதுவரை செருகி வைத்துப் பிறகு எடுத்துவிடுகிறார்.

புதிய கருவியின் பக்கவாட்டில், வாங்கிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் எல்லாவற்றையும் சேமித்துவிட்டுச் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். முதலில் 19 நிமிடம் நின்றது. சென்ற விடுமுறையில் 11. அது 6க்கு வரும்போது புதுப் பேட்டரி வாங்க வேண்டும், அப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.