இரணைமடுவின் இளம் வாத்தியக் கலைஞருக்கு

அன்புள்ள தம்பி,

டாப்லெட் ஒன்றோடு ரப்பர்க் கட்டைகள் பதித்த மிடிப் பலகையை இணைத்து, உடுக்கும் பறைமேளமும் தவிலும் உமது விரல்நுனியிலிருந்தே எழுமாறு திருவிழா மேடைகளில் வாசிக்கத் தொடங்கியிருக்கும் உமக்கு, வாழ்த்தோடு சில ஆலோசனைகளையும் எழுதுவது என் கடமையென்று கருதுகிறேன். இயந்திரம் புகுந்தால் கலை அழியும் என்று அஞ்சுகிறவர்களோடு நான் சேர்பவன் அல்லன். அந்த இயந்திரத்துக்குள் எதை நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்தே கலையின் கதி நிர்ணயமாகும் என்பது என் அபிப்பிராயம்.

வெவ்வேறு கம்பனிகளின் மின்வாத்தியங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும்பொருட்டு 1983ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மிடி என்னும் நியமத்தில் நாதம் என்பதே கிடையாது. நீர் ஒரு கட்டையைத் தட்டுகையில், எந்தச் சுரம், 1 முதல் 127 வரையான அளவில் எவ்வளவு விசை என்ற கட்டளை மாத்திரமே கம்பி வழியே செல்கிறது. நீர்ப்பாசனத்திலும் அப்படியே: எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு திறந்துவிட வேண்டும் என்று சொல்லும் உத்தரவில் ஒரு துளி நீரும் இல்லை. நீரெல்லாம் கனகராயன் ஆற்றை மறித்துத் தேக்கிய இரணைமடுக் குளத்திலேயே இருக்கிறது. டாப்லெட்டில் சேமித்த ஒலித்துணுக்குகளே உமது குளம். எங்கோ எவரோ பதிந்து விற்ற துணுக்குகளால் அதை நிரப்பிவிட்டு, வன்னியின் நாதம் வரவில்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை.

ஆகையால், கோவில்களிலே பறையும் உடுக்கும் வாசித்து முதிர்ந்தவர்களையும், முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்துக்கு மத்தளம் வாசிப்பவர்களையும் நாடிச் சென்று, வணங்கி, அனுமதி பெற்று, சந்தடியற்ற இடத்தில் பதிவு செய்யும். ஒவ்வோர் அடியையும் மெல்லவும் நடுத்தரமாகவும் ஓங்கியும், ஒவ்வொரு நிலையிலும் நான்கைந்து தடவையும் வாங்கிக்கொள்ளும். மெல்லத் தட்டிய தவிலின் நாதம், ஓங்கித் தட்டியதைச் சத்தம் குறைத்துக் கேட்பதுபோல் இராது. அதன் குணமே வேறு. இணுவில் தந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் ஒலிப்பதிவுகளைக் கவனித்துக் கேட்டால், வலந்தலையில் கூடணிந்த விரல்களும் தொப்பியில் கழியும் எத்தனை நுட்பமான பேதங்களைப் பிறப்பிக்கின்றன என்பது விளங்கும். ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால், ரசிகரின் செவி அதன் செயற்கையை உடனே கண்டுகொள்ளும்.

லயத்தின் பெரும் சத்துரு தாமதம். தட்டிய கணத்துக்கும் ஒலி எழும் கணத்துக்கும் இடையே பத்து மில்லி செக்கன் கழிவது, ஏறத்தாழ மூன்றரை மீற்றர் தூரத்திலுள்ள மேளத்தைக் கேட்பதற்குச் சமம். அதைக் கை பொறுத்துக்கொள்ளும். புளூடூத் ஒலிபெருக்கியோ அதனைப் பன்மடங்காக்கித் தாளத்தைக் குலைத்துவிடும் ஆதலால், மேடையில் கம்பி இணைப்பையே கைக்கொள்ளும். டாப்லெட் செயலி ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் பஃபரின் அளவையும், ஒலி வெடிக்காத எல்லைவரை குறைத்து வையும்.

துணுக்கைத் தந்த கலைஞரின் பெயரைக் கோப்பிலே எழுதுவதும், மேடையிலே சொல்வதும், சம்பாத்தியத்தில் அவருக்குப் பங்கு கொடுப்பதும் தர்மம். அவரே வந்து வாசிக்கக்கூடிய சபையில் அவருடைய இடத்தை உமது கருவி கவர்ந்துகொள்ளலாகாது.

2008, 2009ஆம் ஆண்டுகளின் யுத்தகால இடப்பெயர்வில் உறவையும் உடைமையையும் இழந்த வன்னியிலே, எஞ்சியிருக்கும் முதிய கைகளின் நாதத்தைச் சேமித்து வைப்பது உம்மைப் போன்றவர்களால் ஆகக்கூடிய சேவை. அதை நாளைக்கென்று ஒத்திவையாமல், அடுத்த திருவிழாக் கொடியேறுமுன் ஒரு பெரியவரின் பறையையேனும் பதிவு செய்துவிடும், தம்பி.

இங்ஙனம்,
உமது நலம் நாடும் அண்ணன்