இறங்குவதற்கும் பயிற்சி வேண்டும்

மலையேற்றம் என்றதும் எல்லோரும் ஏறுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மூச்சு வாங்குமா, பாதி வழியில் நின்றுவிடுவோமா என்பதே பயம். இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் முழங்கால் நடுங்குவதும் கணுக்கால் பிசகுவதும் பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

பாவாதமலையை எடுத்துக்கொள்வோம். உயரம் 2243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமாகச் சென்றால் ஐயாயிரம் படிகளுக்குக் குறையாது. 1344இல் இம்மலையில் ஏறிய இப்னு பதூதா, பாறையில் பிடித்து ஏறுவதற்குச் சங்கிலிகள் இருந்ததையும், அட்டைகளுக்காக மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்ததையும் தன் பயண நூலில் சொல்கிறார். இன்று படிகள் வந்துவிட்டன. அட்டைகள் இன்னும் போகவில்லை!

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்கி, பிரேக் போல வேலை செய்கிறது. இதனால் தசைநார்களில் மிக நுண்ணிய சேதம் ஏற்படும். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க முடியாமல் நாம் தவிப்பது இதனால்தான். ஆனால் இந்த வேலையைச் சில தடவைகள் செய்து பழகிய தசைக்கு நோவு வெகுவாகக் குறையும்.

இதற்கு ஜிம் தேவையில்லை. எங்கள் வீட்டில் மாடி இல்லை. வாசற்படி ஒன்றுதான் எனக்கு மலை. படியின் ஓரத்தில் ஒரு காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூன்று எண்ணும்வரை மெதுவாக மற்றக் காலைக் கீழே இறக்க வேண்டும். குதிக்கால் தரையைத் தொட்டதும் மீண்டும் மேலே வரலாம். முழங்கால் உட்பக்கம் சாயாமல் கால்விரல்களின் நேரே இருக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள்.

மூச்சுக்கு வேக நடை போதும். பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அரை மணித்தியாலத்தில் தொடங்கி வாரம் வாரம் கொஞ்சம் கூட்டலாம். பின்னர் புத்தகப் பையில் தண்ணீர்ப் போத்தல்களை வைத்துக்கொண்டு நடக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் பாரத்தை அளப்பது இலகு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எங்கள் வயதுப் பிள்ளைகள் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது. ஈமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஒட்சிசனும் குறையும். படியேறி இளைக்கும் மகளைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன் குருதியைப் பரிசோதித்துப் பாருங்கள். சாப்பாட்டோடு பிளேன்டி குடிப்பது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். (எங்கள் வீட்டில் இதைச் சொல்லி நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் மலைக்குப் போக நான் அனுமதி கேட்டிருக்கிறேன். வாப்பா ஒரே நிபந்தனைதான் போட்டார்: உம்மாவும் வர வேண்டும். உம்மாவுக்கோ முழங்கால் நோவு. டொக்டரிடம் கேட்டுவிட்டு, இப்போது சுபஹுக்குப் பிறகு என்னோடு நடக்கிறார். வாசற்படி அவருக்கு உயரம் என்பதால் தடித்த பலகை ஒன்றில் இறங்கிப் பழகுகிறார்.

உடையையும் முன்கூட்டியே பார்த்துவைத்தோம். அபாயாவின் விளிம்பு இறங்கும்போது காலில் மாட்டும். ஆகவே கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் தளர்வான நீளச் சட்டையும் உள்ளே காற்சட்டையும் தைத்திருக்கிறோம். புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகக் கூடாது. அது நடைப்பயிற்சியிலேயே காலுக்குப் பழகிவிட வேண்டும். கால் நகங்களை வெட்டிக்கொள்வதும் முக்கியம். இறக்கத்தில் அவை சப்பாத்தின் முன்பக்கத்தில் இடித்துக் கறுத்துவிடும்.

முதலில் பாவாதமலை அல்ல, ஹோட்டன் சமவெளிதான். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். 2000 மீற்றருக்கு மேலே இருப்பதால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்களவுதான். உம்மாவின் முழங்கால் அங்கே என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான் மற்றதைத் தீர்மானிப்போம்.