மஞ்சளாக மாறிய ஆறு மாதிரிகள்

1985ஆம் ஆண்டின் இறுதியில் எய்ட்ஸ் மேலைநாட்டு நோய் என்னும் எண்ணமே நம்மிடையே வேரூன்றியிருந்தது. மும்பை போன்ற நகரங்களில் நடந்த சோதனைகளிலும் தொற்று தென்படவில்லை. அந்நிலையில் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், கிருமியைத் தேடும் பணியைத் தம் மாணவி நிர்மலா செல்லப்பனுக்கு ஆய்வுப் பொருளாக அளித்தார். நிர்மலா தயங்கினார், ஆயினும் ஏற்றார். பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களிடம் அவர் பெற்ற இரத்த மாதிரிகள், வேறு வசதியின்றி, வீட்டுக் குளிர்பெட்டியில் காத்திருந்தன. (எதற்கான சோதனை என்று அப்பெண்களிடம் கூறாதது இன்றைய நெறிகளுக்கு ஒவ்வாது.)

1986 பிப்ரவரியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் பெற்றன. அதன்பின் நடந்ததே நாம் கருதத்தக்கது. ஒருவரும் செய்தியாளரிடம் விரையவில்லை. தம் சோதனையையே ஐயுற்று மீண்டும் செய்தனர்; புதிய மாதிரிகள் பெற்றனர்; அமெரிக்காவில் உறுதிப்படுத்திய பின்னரே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு அறிவித்தனர். மே மாதத்தில் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் தெரிவித்தபோதும் நம்ப மறுத்தோர் இருந்தனர். சோதனையைக் குறை கூறினோரும் உண்டு.

நிர்மலா 1987இல் ஆய்வேட்டை அளித்துவிட்டு, சென்னை கிங் நிறுவனத்தில் தடுப்பு மருந்துப் பணிக்குச் சென்றார்.