மிஞ்சிய எஞ்சின்

மாதிரி மகிழுந்து ஒன்றை ஒட்டி முடித்த பிறகும் மேசையின்மேல் சில துண்டுகள் கிடக்கும். ஒரு கார்புரேட்டர், ஒரு காற்றாடி, இரண்டு புகைபோக்கிக் குழாய்கள். சில வேளைகளில் முழு எஞ்சினே மிஞ்சிவிடும். புதிதாகப் பழகுபவர், தாம் எதையோ பொருத்த மறந்துவிட்டதாக எண்ணிக் கலங்குவார். கலங்க வேண்டியதில்லை. அவை மிஞ்சும் என்று தெரிந்தே பெட்டிக்குள் வைக்கப்பட்டவை.

இவ்வழக்கத்தைப் பரப்பியதில் ஏ.எம்.டி. என்னும் அமெரிக்க நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1958-ஆம் ஆண்டில் அது 'ஒன்றில் மூன்று' என்னும் பெட்டிகளை விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியைக் கொண்டு, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவத்தையோ, உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றிய வடிவத்தையோ, பந்தய வடிவத்தையோ செய்யலாம். ஒன்றைச் செய்தால் மற்ற இரண்டுக்கும் உரிய பாகங்கள் மிஞ்சும். ஜப்பானியப் பெட்டிகளின் நிலை வேறு. அவற்றுள் பலவற்றில் எஞ்சினே இராது, முன்மூடியும் திறக்காது. ஓரிடத்தில் மிகுதி, மற்றோரிடத்தில் குறை. அதனால்தான் அனுபவமிக்க கலைஞர்கள் எந்தத் துண்டையும் குப்பையில் போடுவதில்லை. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் விண்கலங்களில்கூட, மாதிரிப் பெட்டிகளிலிருந்து எடுத்த பாகங்களே ஒட்டப்பட்டிருந்தன.

ஒரு பெட்டியின் எஞ்சின் இன்னொன்றில் பொருந்துமா? இங்குக் கணிதம் உதவுகிறது. அமெரிக்கப் பெட்டிகள் பெரும்பாலும் 1:25 என்ற விகிதத்திலும் ஜப்பானியப் பெட்டிகள் 1:24 என்ற விகிதத்திலும் அமைகின்றன. 60 செ.மீ. நீளமுள்ள எஞ்சின், முதல் விகிதத்தில் 24 மி.மீ. ஆகும், இரண்டாவதில் 25 மி.மீ. ஆகும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண் எளிதில் காணாது. ஆனால், அதே எஞ்சின் 1:32 விகிதத்தில் 19 மி.மீட்டருக்கும் குறைவு. அதை 1:24 மகிழுந்தில் வைத்தால் பெரியவர் சட்டையைப் போட்ட சிறுவனைப் போலிருக்கும்.

அளவைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. கையில் இருப்பது எந்த எஞ்சின்? பாகங்கள் பிளாஸ்டிக் சட்டகத்தில் இணைந்திருக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். வெட்டி எடுத்தவுடன் அந்த அடையாளம் போய்விடும். விளக்கத்தாளைப் பாதுகாத்து, மிஞ்சியவற்றைச் சிறு பைகளில் பெயரெழுதி வைப்பவருக்குத் தொல்லையில்லை. மற்றவர்கள் வடிவத்தைப் பார்த்தே கண்டறிய வேண்டும்.

முதலில் புகை வெளியேறும் வாய்களை எண்ண வேண்டும். ஒரே பக்கத்தில் நான்கு இருந்தால், பெரும்பாலும் அது நேர்வரிசை நான்கு சிலிண்டர் எஞ்சின். இரு பக்கமும் நான்கு நான்காக இருந்து, முன்னிருந்து பார்க்கையில் ஆங்கில எழுத்து 'வி' போலத் தெரிந்தால் அது வி8. வி8 எஞ்சின்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். 1955-இல் அறிமுகமான செவர்லே வி8-இல் அது பின்புறம் இருக்கும். ஃபோர்டின் சிறிய வி8-இல் முன்புறம் இருக்கும். கிரைஸ்லரின் 'ஹெமி' எஞ்சினில் மேல்மூடி அகலமாக இருக்கும். மின்கம்பிகள் அதன் நடுவே உள்ளிறங்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டலின் எஞ்சினைக் கண்டறிவதற்கு எவரையும் கேட்க வேண்டியதில்லை. சிலிண்டர்கள் படுத்திருக்கும், அவற்றின்மேல் காற்றில் குளிரும் செதில்கள் இருக்கும், ரேடியேட்டர் இராது.

உண்மையான எஞ்சின்களில் அடையாளம் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மிட்சுபிஷியின் '4ஜி13' என்ற குறியீட்டில் 4 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை. ஜி என்பது பெட்ரோல். '4டி56' என்றால் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். மலேசியப் பட்டறைக்காரர்களுக்கு இக்குறியீடுகள் மனப்பாடம். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வரும் 'ஹாஃப் கட்' மகிழுந்துகளிலிருந்து எஞ்சினைக் கழற்றி, உள்நாட்டு மகிழுந்துகளில் பொருத்தும் தொழில் இங்கே நெடுநாளாக நடக்கிறது. 1993-இல் வந்த புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டதால் லான்சர் எஞ்சின்கள் அதற்கு ஒத்துப்போயின. 2002-இல் கரம்ஜிட் சிங், உற்பத்தி மகிழுந்துகளுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்ற புரோட்டோன் பெர்ட்டும் லான்சர் எவலூஷனின் மறுவடிவமே. ஆகவே, அந்த மகிழுந்தைச் சிறிய அளவில் செய்ய விரும்புபவர் லான்சர் பெட்டியிலிருந்து தொடங்கலாம்.

சுங்காயில் வாழும் ஒரு மாணவர் தம் தாத்தா ஓட்டிய முதல் புரோட்டோன் சாகாவைச் செய்ய விரும்புவதாகக் கொள்வோம். சுங்காய்க்குத் தெற்கே, அதே பழைய நெடுஞ்சாலையில் உள்ள தஞ்சோங் மாலிமில் 2003 முதல் புரோட்டோன் தொழிற்சாலை இயங்குகிறது. ஆனால், சாகா அதற்கும் மூத்தது. 1985 ஜூலையில் வெளிவந்த அம்மகிழுந்து, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டது, எஞ்சின் 1.3 லிட்டர் 4ஜி13. மாணவரின் பெட்டியில் மிஞ்சிய நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று இருக்கலாம். அதன் பின்னால் நீண்ட கியர்பெட்டி வால்போல் நீண்டிருந்தால் அது பின்சக்கரங்களை இயக்கும் மகிழுந்துக்கு உரியது. சாகாவோ முன்சக்கரங்களால் ஓடுவது. அதன் எஞ்சின் குறுக்காக அமர்ந்திருக்கும். கியர்பெட்டி பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். வாலை அறுத்துவிட்டு, எஞ்சினைத் திருப்பி, வேறொரு துண்டிலிருந்து பக்கக் கியர்பெட்டியைச் செதுக்க வேண்டும். இதைச் செய்யாமல் வால் நீண்ட எஞ்சினை அப்படியே வைத்தால், முன்மூடியைத் திறக்கும் தாத்தா ஒரே பார்வையில் "இது நம்ம வண்டி இல்லையே" என்பார்.

பழைய துண்டைத் தூய்மைப்படுத்துவதிலும் பொறுமை வேண்டும். மாதிரிப் பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்தே இரண்டையும் இணைக்கிறது. ஆகவே, நன்றாக ஒட்டிய பாகத்தை இழுத்துப் பிரித்தால் உடையும். வெள்ளிபோல் மின்னும் பூச்சின்மேல் இப்பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தில் மட்டும் கத்தியால் சுரண்டலாம். பூச்சு முழுவதையும் நீக்க வேண்டுமானால் வீட்டில் துணி வெளுக்கப் பயன்படும் குளோரோக்ஸில் ஊறவைக்கலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்க, கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். அதனுடன் கழிவறைத் துப்புரவுத் திரவத்தையோ வேறு எந்த அமிலத்தையோ கலக்கவே கூடாது. நச்சு வாயு எழும்.

இறுதியாகக் கம்பிகள். நான்கு சிலிண்டர் எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து நான்கு கம்பிகள் ஸ்பார்க் பிளக்குகளுக்குப் போகும். ஐந்தாவது மின்சுருளுக்குப் போகும். மெல்லிய நூலே போதும். ஒவ்வொரு கம்பியும் எவ்வழியே வளைந்து செல்கிறது என்பதை எந்த விளக்கத்தாளும் சொல்லாது. அதற்கு, பக்கத்து வீட்டில் இன்னும் நிற்கும் ஒரு பழைய சாகாவின் முன்மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அது பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன்பே உரிமையாளரின் அனுமதியோடு நான்கு பக்கமும் படமெடுத்துவிட வேண்டும்.