பழைய வைர நகையை ஏமாறாமல் விற்பது எப்படி?

“கல்லுக்கு ஒண்ணும் போட முடியாதும்மா. தங்கத்துக்கு மட்டும் கணக்குப் பண்ணித் தர்றேன்.”

பெரியம்மாவின் ஏழு கல் தோட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு அந்தக் கடைக்காரர் சொன்னது இது. 50 வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்துக்குப் போட்ட தோடு. அவர் லென்ஸைக்கூடக் கையில் எடுக்கவில்லை. “சரிங்க, கல்லுக்குத்தான் விலை இல்லையே, அதைக் கழட்டி எங்ககிட்டயே கொடுத்துடுங்க. தங்கத்தை மட்டும் எடுத்துக்குங்க” என்றேன். மனிதர் சற்றுத் தடுமாறி, “கழட்டினா கல்லு உடைஞ்சிடும்மா” என்றார். தோட்டை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டோம்.

கல்லைக் கழட்டித் தரக் கேட்கும் இந்த உத்தியை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு விலை இல்லை என்பவர் கல்லைத் திருப்பிக் கொடுக்கத் தயங்கினால், அதற்கு விலை இருக்கிறது என்று அர்த்தம்.

தங்கத்தின் விலை தினமும் பேப்பரில் வருகிறது. வைரத்துக்கு அப்படி வருவதில்லை. ஒரே எடையுள்ள இரண்டு கற்களில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு விலை போகலாம். நிறம், தெளிவு, பட்டை அப்படி. ஆகவே விற்கப் போகிறவருக்குத் தெரியாததும் வாங்குகிறவருக்குத் தெரிந்ததும்தான் விலையாகிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் அந்த இடைவெளியை எவ்வளவு குறைக்கிறீர்களோ, அவ்வளவு லாபம்.

முதலில் ஒரு கசப்பு மருந்து

வாங்கிய விலை திரும்பி வராது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். நகையில் தங்கம் 40,000, வைரம் 45,000, செய்கூலி சேதாரம் 12,000, ஆக 97,000. அதன்மேல் 3% ஜிஎஸ்டி 2,910. பில் தொகை 99,910. கூலியும் வரியுமாக 14,910 ரூபாய், கடை வாசலைத் தாண்டும்போதே போய்விட்டது. வைரத்துக்குப் போட்ட 45,000-மும் சில்லறை விலை. திரும்ப வாங்குகிற வியாபாரி அந்தக் கல்லைத் தனக்கு மும்பையிலோ சூரத்திலோ மொத்த விலைக்கு என்ன கிடைக்குமோ அதைவிடக் குறைத்துத்தான் கேட்பார்; அவரும் பிழைக்க வேண்டுமே. எட்வர்ட் ஜே எப்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1982-இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில், வைரத்தை விற்கப் போனால் என்ன ஆகும் என்று நீண்ட கட்டுரையே எழுதினார். ‘வைரம் என்றென்றைக்கும்’ என்ற டி பியர்ஸின் விளம்பர வாசகம் பிறந்தது 1947-இல். வைரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தையும் கிடையாது.

ஒரே ஆறுதல், தங்கம். பல வருஷங்களுக்கு முன் வாங்கிய நகை என்றால் அதிலுள்ள தங்கம் இன்று எங்கேயோ போயிருக்கும். கல்லில் விட்டதைப் பல சமயம் அதுவே ஈடுகட்டுகிறது.

கையில் இருப்பது என்ன?

பீரோவைக் குடைந்து பழைய பில், கியாரண்டி அட்டை, சான்றிதழ் எல்லாவற்றையும் எடுங்கள். பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள். திரும்ப எடுக்கும்போது வைரத்துக்கு எத்தனை சதவீதம், பணமாகக் கேட்டால் எவ்வளவு, மாற்று நகையாக எடுத்தால் எவ்வளவு என்று பொடி எழுத்தில் அங்கேதான் அச்சடித்திருப்பார்கள்.

கடைக்காரரே அடித்துக் கொடுத்த அட்டை சான்றிதழ் ஆகாது. நிறத்துக்கும் தெளிவுக்கும் “ஈஎஃப், விவிஎஸ்” என்று உயர்ந்த தரம் அதில் இருந்தாலும் அடுத்த கடையில் அதை யாரும் மதிக்கப் போவதில்லை. ஜிஐஏ, ஐஜிஐ போன்ற பரிசோதனைக் கூடங்களின் அறிக்கை என்றால் வேறு. அதன் எண்ணை அந்தக் கூடத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எடையும் தரமும் ஒத்துப்போக வேண்டும். பல கற்களில் அதே எண்ணைக் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்திருப்பார்கள். பத்து மடங்கு பெருக்கும் லூப் லென்ஸில் தெரியும்.

சான்றிதழ் இல்லையென்றால் புதிதாக எடுக்கலாமா? ஒற்றைக் கல் 30 சென்ட்டுக்கு மேல் இருந்தால் எடுக்கலாம் என்பது என் கட்சி. 100 சென்ட் ஒரு காரட். ஒரு காரட் 200 மில்லிகிராம். அஞ்சு சென்ட், பத்து சென்ட் கற்களுக்குத் தனித்தனியே சான்றிதழ் எடுப்பது வீண் செலவு; அவற்றை வியாபாரிகள் சல்லடை அளவு பார்த்து மொத்தமாகத்தான் விலை பேசுவார்கள். கல்லின் எடையை ஏறக்குறைய நீங்களே மதிப்பிடலாம். நன்றாகப் பட்டை தீட்டிய வட்டக் கல்லின் குறுக்களவு 3 மில்லிமீட்டர் இருந்தால் சுமார் 10 சென்ட். 4.1 என்றால் கால் காரட், 5.1-லிருந்து 5.2 வரை என்றால் அரை, 6.5 என்றால் ஒரு காரட். நல்ல வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும்.

அடுத்து, அது வைரம்தானா என்ற கேள்வி. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இடையில் ஒரு கல் விழுந்து, அதற்குப் பதிலாக அமெரிக்கன் டைமண்ட் என்ற செயற்கைக் கல்லை வைத்துக் கொடுத்த கதைகள் நிறைய உண்டு. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாகவே நடந்து வந்திருக்கிறது. கடையில் வைக்கும் பேனா மாதிரியான டெஸ்டர் சூட்டைக் கடத்தும் தன்மையை வைத்துச் சொல்கிறது. அமெரிக்கன் டைமண்டை அது பிடித்துவிடும், மோய்சனைட் என்ற இன்னொரு செயற்கைக் கல்லிடம் ஏமாந்துவிடும். ஆய்வுக்கூட வைரத்தை ‘வைரம்’ என்றே காட்டும். ஏனென்றால் அதுவும் வைரம்தான், மண்ணுக்கடியில் உருவாகவில்லை என்பதைத் தவிர.

அந்த ‘தவிர’வில்தான் காசு இருக்கிறது. டி பியர்ஸ் நிறுவனமே 2018-இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வுக்கூட வைரத்தைக் காரட் 800 டாலருக்கு விற்க ஆரம்பித்து, விலை சரிந்துகொண்டே போக, 2025-இல் அந்தக் கடையை மூடுவதாக அறிவித்தது. சமீப வருஷங்களில் வாங்கிய நகையின் சான்றிதழில் ‘லேப் க்ரோன்’ என்று இருந்தால், வாங்கிய கடையைத் தவிர வேறு எங்கும் போய் நிற்காதீர்கள். அங்கேயும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பெரியம்மா காலத்துத் தோட்டுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. அப்போது நகைக் கடைக்கு அந்தக் கல் வந்திருக்கவில்லை.

நம்மூர்த் தோட்டுக்கு ஒரு தனிக் குறிப்பு

ஏழு கல் தோடு, எட்டுக்கல் பேசரி, பழைய மூக்குத்தி இவையெல்லாம் பெரும்பாலும் பின்பக்கம் மூடிய கட்டு. கல்லுக்கு அடியில் பளபளப்புத் தகடு வைத்திருப்பதும் உண்டு. கடைக்குப் போகும் முன் பளிச்சென்று ஆக்குவோம் என்று இதைச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். நீர் உள்ளே இறங்கித் தகடு கறுத்தால் கல்லே மங்கலாகத் தெரியும். திறந்த கட்டாக இருந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரும் மெத்தென்ற பிரஷும் போதும்.

மூடிய கட்டில் இருக்கும் கல்லை யாராலும் சரியாகத் தரம் பிரிக்க முடியாது. எடையும் தெரியாது, அடிப்பட்டையில் உடைசல் இருந்தாலும் தெரியாது. தெரியாததற்கெல்லாம் வியாபாரி தன் பாதுகாப்புக்கு விலையைக் குறைப்பார். அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. பழைய கையால் தீட்டிய பட்டை என்றால், மறுபடி தீட்டும்போது கழியும் எடையையும் கழித்துக்கொண்டுதான் கணக்குப் போடுவார்.

பழைய கற்களில் ‘ப்ளூ ஜாகர்’ என்று ஒரு பேச்சு உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர். அந்தச் சுரங்கம் 1971-இலேயே மூடப்பட்டுவிட்டது. இன்றைக்குப் புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் வெள்ளைக் கல் எதையும் இந்தப் பெயரில் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டுச் சந்தையில் இந்த ஒளிர்வைக் குறையாக எண்ணி விலையைக் குறைப்பார்கள். தமிழ்நாட்டிலோ தேடிப் பிடித்துக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். உங்கள் கல் நீலமாக ஒளிர்ந்தால், அதை இங்கேயே, தோடு விற்கும் பழைய கடைகளில் விற்பதுதான் புத்திசாலித்தனம்.

எங்கே, எந்த வரிசையில்?

முதலில் வாங்கிய கடை. பில் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் நல்ல விலை. அவர்கள் விற்ற கல்லை அவர்களால் குறை சொல்ல முடியாது. ஆனால் “மாத்தி எடுத்துக்குங்க, அதிகமா போட்டுத் தர்றோம்” என்றால் உஷார். புது நகைக்கு மறுபடியும் கூலி, மறுபடியும் 3% வரி. புது நகை நிஜமாகவே வேண்டும் என்றால் மட்டும் சரி.

அந்தக் கடையே இப்போது இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால், பிற கடை வைரத்தையும் எடுக்கும் பெரிய கடைகள் இரண்டில் கேளுங்கள். அதற்குப் பிறகு வைரம் மட்டுமே வாங்கி விற்கும் வியாபாரிகள். சென்னையில் சவுகார்பேட்டைப் பக்கம், கோவையில் ராஜ வீதி, பெரிய கடை வீதிப் பக்கம் விசாரியுங்கள். அடகுக் கடைக்குப் போவதில் பொருளில்லை. வங்கியில் நகைக் கடன் கேட்டாலும் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கடன்.

பலரும் யோசிக்காத ஒரு வழி, சொந்தத்தில் விற்பது. மகளுக்குத் தோடு தேடும் சித்தி பெண்ணுக்குக் கடை விலையைவிடக் குறைவு, உங்களுக்குக் கடை தரும் விலையைவிட அதிகம். “பிறத்தியார் போட்ட வைரம் சேருமோ சேராதோ” என்ற பயம்தான் குறுக்கே நிற்கும். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று விடுங்கள். நம்மூரில் புது வைரத்தையே அப்படித்தானே பார்த்து வாங்குகிறோம்? ஆனால் கொடுக்கும் முன் எடையைக் குறித்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொந்தம் என்பதால்தான் இது இன்னும் அவசியம்.

கடைக்குள்

தனியாகப் போகாதீர்கள். “அவசரமா பணம் வேணும்” என்று வாயைத் திறக்காதீர்கள். முன் கடையில் சொன்ன விலையையும் சொல்ல வேண்டாம். சொன்னால் அதற்கு மேல் ஆயிரம் ரூபாய் போட்டு முடிக்கப் பார்ப்பார்கள்.

கேட்க வேண்டியது இதுதான்: மொத்த எடை எவ்வளவு, கல் எடை எவ்வளவு, நிகரத் தங்கம் எவ்வளவு, எத்தனை டச் (தங்கத்தின் சுத்தம்), இன்றைய எந்த விலையில் கணக்கு, கல்லுக்குக் காரட் என்ன விலை. இவை ஒரு துண்டுச் சீட்டில் தனித்தனியாக வர வேண்டும். “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்றால் எழுந்துவிடுங்கள். கல் எடையை அதிகமாகப் போட்டுத் தங்கத்தைக் குறைப்பது பழைய வித்தை. ஆகவே கணக்கை நீங்களே போடுங்கள்: 14 கல் சேர்ந்து 1.40 காரட் என்றால் 0.28 கிராம்தான். மொத்தம் 8.28 கிராம் தோடு என்றால் நிகரத் தங்கம் 8 கிராம். அது 18 காரட் தங்கமானால் முக்கால் பங்கு, அதாவது 6 கிராம் சுத்தத் தங்கம். கல்லுக்கு ஒரு கிராம் கழிக்கிறார் என்றால் 5 காரட் வைரம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். அப்படியே அதற்கு விலை போடச் சொல்லுங்கள்.

பெரிய கல் என்றால் ‘ராப்’ என்ற சொல் காதில் விழும். ராபபோர்ட் என்பவர் 1978-இல் தொடங்கிய விலைப் பட்டியல் அது, வாராவாரம் வருகிறது. அது கேட்கும் விலைதான், கைக்கு வரும் விலை இல்லை. அதிலிருந்து எத்தனை சதவீதம் கழித்து எடுக்கிறார் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்து எல்லோரையும் ஒப்பிட்டுவிடலாம்.

கல்லைக் கழற்றும் கட்டம் வந்தால் நிதானம். கழற்றிய பிறகு அது நகை இல்லை. வாங்கிய கடைகூட எடுத்துக்கொள்ளாது. மற்ற வழியெல்லாம் அடைபட்ட பிறகே அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள். “உள்ளே பட்டறைக்கு அனுப்பி வாங்கித் தர்றோம்” என்றால் வேண்டாம். உங்கள் எதிரிலேயே கழற்றட்டும். கற்களை எண்ணி, உங்கள் கண் முன்னே எடை போட்டு, சீட்டில் எழுதட்டும். நாங்கள் செய்தது வேறு. வீட்டுக்குப் பழக்கமான பத்தரிடம் கூலி கொடுத்து, பெரியம்மா எதிரிலேயே உட்கார்ந்து கழற்ற வைத்தோம். தங்கத்தை ஓரிடத்திலும் கல்லை வேறிடத்திலும் விற்றோம். இரண்டையும் ஒரே கடையில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

பணம் வாங்கும்போது

ஆதார், பான் நகல் கேட்பார்கள், கொடுங்கள். திருட்டு நகை இல்லை என்பதற்கு அவர்களுக்கும் ஆதாரம் வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அபராதம் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கிய உங்களுக்கு; அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே.

வீட்டு நகையை விற்கிற நாம் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. வருமான வரி உண்டு. 2024 ஜூலை 23 முதல், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகையை விற்றால், ஆதாயத்தில் 12.5% வரி. அம்மாவிடமிருந்து வந்த நகை என்றால் அம்மா வாங்கிய விலைதான் உங்கள் அடக்க விலை. வைத்திருந்த காலமும் அவர் வாங்கிய நாளிலிருந்து. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அந்த நாளின் சந்தை மதிப்பை அடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் சீட்டு வேண்டும். நகை கையில் இருக்கும்போதே அதை வாங்கிவிடுங்கள். விற்ற பிறகு மதிப்பிட அவருக்கு நீங்கள் காட்ட எதுவும் இருக்காது.